தாங்கியைத் தட்டாமல் தண்ணீர் மட்டம் பார்க்க: கழியொலி சென்சரில் தூரம் அளக்கப் பழகுவோம்

எங்கள் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. ஏணியில் ஏறி நின்று, மடக்கிய விரலால் தாங்கியின் பக்கத்தை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். 'டொங், டொங்' என்று வெறுமையாகக் கேட்கும் சத்தம் ஓரிடத்தில் 'டப்' என்று அடங்கும். அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். மோட்டரைப் போடுவதா, பின்னேரம் வரை பொறுப்பதா என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

கழியொலி சென்சரும் சத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. நம் பாடசாலைப் புத்தகங்களில் இதன் பெயர் கழியொலி. இந்தியப் புத்தகங்களிலும் இணையத்திலும் மீயொலி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறுகளில் நாலைந்து பிள்ளைகள் வந்து இலத்திரனியல் பழகுகிறார்கள். ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு வருபவர்கள்தான் கூட. மின்குமிழைச் சிமிட்ட வைத்ததும் அடுத்தது என்ன என்று கேட்பார்கள். நான் கொடுப்பது இந்தச் சென்சரைத்தான். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கிலேயே இங்கும் எழுதுகிறேன். மேசையில் தொடங்கித் தாங்கியில் முடிப்போம்.

என்னென்ன வேண்டும்

ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்ட் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), அதைக் கணினியில் செருக யூஎஸ்பி வயர், எச்சி-எஸ்ஆர்04 என்ற கழியொலி சென்சர், ஒரு பிரெட்போர்ட் (ஈயம் வைக்காமல் சாமான்களைச் செருகும் துளைப் பலகை), நாலு ஜம்பர் வயர் (இரு முனையும் செருகக்கூடிய சின்ன வயர்). இவற்றோடு ஒரு அளவு நாடாவும் வேண்டும், தையல்காரர் வைத்திருப்பதோ மேசன் வைத்திருப்பதோ எதுவானாலும் சரி. பலர் நாடாவை எடுத்து வைப்பதே இல்லை. சென்சர் சொல்வது சரியா பிழையா என்று ஒத்துப்பார்க்க வேறொரு அளவு இல்லாவிட்டால் திரையில் வருகிற எண்ணுக்குப் பெறுமதி கிடையாது.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால், கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் எடுப்பிக்கலாம். இந்தச் சென்சர் விலை குறைந்த சாமான். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று பிழையாகக் காட்டும்போது மற்றதை மாட்டிப் பார்த்தால், பிழை சென்சரிலா உங்கள் வயரிலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சென்சர் உண்மையில் எதை அளக்கிறது

சென்சரின் முகத்தில் இரண்டு வெள்ளித் தகரக் குவளைகள் கண் மாதிரித் தெரியும். ஒன்று வாய், மற்றது காது. ட்ரிக் என்று எழுதிய காலுக்கு 10 மைக்ரோசெக்கன் நேரம் 5 வோல்ட் கொடுத்தால், வாய் 8 அலைகளை வெளியே விடும். அந்த அலைகள் செக்கனுக்கு 40,000 தரம் அதிரும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 வரைதான் கேட்கும் என்பதால் நமக்கு ஒன்றும் கேட்காது. அலைகள் போனதும் எக்கோ என்று எழுதிய கால் 5 வோல்ட்டுக்கு உயரும். எதிரொலி காதுக்குள் வந்ததும் கீழே இறங்கும். சென்சரின் வேலை அவ்வளவுதான்.

ஆக, சென்சர் உங்களுக்குத் தருவது ஒரு நேரத்தை. தூரம் என்பது அந்த நேரத்தை வைத்து நீங்கள் போடும் கணக்கு. கணக்கில் ஒலியின் வேகத்தைப் பிழையாகப் போட்டால் சென்சர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விடை பிழைக்கும். இதை மனதில் பதித்துக்கொண்டால் பிறகு வரும் முக்கால்வாசிச் சிக்கலை நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள்.

ஒருக்கா கையால் போட்டுப் பாருங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349.5 மீற்றர் ஓடும். மைக்ரோசெக்கனுக்கு என்று பார்த்தால் 0.03495 சென்ரிமீற்றர். சுவர் 50 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் ஒலி போய் வர 100 சென்ரிமீற்றர். 100ஐ 0.03495 ஆல் வகுத்தால் 2,861 மைக்ரோசெக்கன். போனதும் வந்ததும் சேர்த்துத்தான் இந்த நேரம் என்பதால் கணக்கில் எப்போதும் இரண்டால் வகுக்க வேண்டும். அதை மறந்தவருக்கு எல்லாத் தூரமும் இரட்டிப்பாக வரும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகச் சுகம்.

வயர் கொடுப்பது

முதலில் யூஎஸ்பி வயரைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது வயர் மாற்றும் பழக்கம் வேண்டாம்.

சென்சரில் நாலு கால்கள், இடமிருந்து வலமாக விசிசி (கரண்ட் வரும் கால்), ட்ரிக், எக்கோ, கிரவுண்ட் (கரண்ட் திரும்பும் கால்). விசிசியை ஆர்டுயினோவின் 5 வோல்ட் துளைக்கும் கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். ட்ரிக்கை 9ஆம் காலுக்கும் எக்கோவை 10ஆம் காலுக்கும் கொடுங்கள். விசிசியும் கிரவுண்டும் இடம் மாறினால் சென்சர் சூடேறிச் செத்துப்போகும். வயர்களை நிறத்தால் பிரித்து வையுங்கள், சிவப்பு எப்போதும் 5 வோல்ட், கறுப்பு எப்போதும் கிரவுண்ட். கொடுத்து முடிந்ததும் விரலை வைத்து ஒவ்வொரு வயராக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்த பிறகுதான் யூஎஸ்பியைச் செருகுங்கள்.

கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்ப ஆசைப்பட்டு ஈஎஸ்பி32 போன்ற போர்ட் வாங்கியவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் போர்ட்களின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. எக்கோ கால் 5 வோல்ட்டை அனுப்பும், நேரே கொடுத்தால் போர்ட் பழுதாகலாம். நடுவில் இரண்டு தடையிகள் வையுங்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் நிற்கும். அங்கிருந்து போர்ட்டுக்கு வயர் எடுங்கள். ஊனோ வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை.

நிரல்

நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுப்பதை விட, அது செய்யும் வேலையைத் தமிழில் எழுதிவைத்து, ஒவ்வொரு வரியையும் கட்டளையாக மாற்றுவது நல்லது. விறாந்தைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவது இப்படி:

1. ட்ரிக் காலை 2 மைக்ரோசெக்கன் தாழ்நிலையில் வை.
2. 10 மைக்ரோசெக்கன் உயர்நிலையில் வைத்து, மறுபடி தாழ்த்து.
3. எக்கோ கால் எவ்வளவு நேரம் உயர்நிலையில் நிற்கிறது என்று 'பல்ஸ்இன்' கட்டளையால் எண்ணு. 30,000 மைக்ரோசெக்கனுக்கு மேல் காத்திருக்காதே.
4. விடை 0 என்றால் 'எதிரொலி வரவில்லை' என்று கணினித் திரையில் எழுது. தூரம் 0 என்று எழுதாதே.
5. விடை வந்திருந்தால் முதலில் நேரத்தை அப்படியே எழுது. பிறகு நேரம் × 0.03495 ÷ 2 என்று தூரத்தை எழுது.
6. 60 மில்லிசெக்கன் பொறுத்து, முதலிலிருந்து தொடங்கு.

மூன்றாவது வரியில் அந்த 30,000 ஏன்? சென்சரின் எல்லை 4 மீற்றர். 4 மீற்றர் போய்வர 23,000 மைக்ரோசெக்கன் அளவில்தான் ஆகும். அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. இந்த எல்லையைச் சொல்லாவிட்டால் 'பல்ஸ்இன்' ஒரு முழுச் செக்கன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் போர்ட் வேறு எந்த வேலையும் செய்யாது.

ஆறாவது வரியில் உள்ள 60 மில்லிசெக்கனும் சும்மா போட்டதில்லை. முந்திய சத்தம் அறைக்குள் இன்னும் அலைந்துகொண்டிருக்கும்போது அடுத்ததை அனுப்பினால், பழைய எதிரொலியைப் புதியதென்று சென்சர் எடுத்துக்கொள்ளும்.

நேரத்தை வைத்திருக்கும் மாறியை 'இன்ட்' (சின்ன முழு எண்) என்று அறிவிக்காமல் 'அன்சைண்ட் லோங்' (பெரிய நேர் முழு எண்) என்று அறிவியுங்கள். ஊனோவில் 'இன்ட்' 32,767 வரைதான் பிடிக்கும். நேரத்தை எதனாலாவது பெருக்கும் இடத்தில் அது நிரம்பி, கழித்தல் குறியோடு ஒரு தூரம் வந்து நிற்கும்.

சுவரைப் பார்த்து முதல் சோதனை

சென்சரை மேசையில் நிறுத்தி, சுவருக்கு நேராகப் பார்க்க வையுங்கள். மேசைப் பரப்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் நல்லது, தாழ இருந்தால் மேசையிலேயே பட்டுத் திரும்பும். குவளைகளின் முகத்திலிருந்து சுவர்வரை நாடாவைப் பிடித்து 20, 50, 100, 200 சென்ரிமீற்றர் என்று நாலு இடங்களில் அளந்து, ஒவ்வொன்றிலும் சென்சர் சொல்வதைக் கொப்பியில் எழுதுங்கள்.

இப்போது இரண்டு நிரைகளையும் ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, சொல்லப்போனால் 1 சென்ரிமீற்றர், கூடவோ குறையவோ காட்டினால் நீங்கள் அளக்கத் தொடங்கிய இடம் பிழை. அந்த ஒரு சென்ரிமீற்றரை நிரலில் கழித்தோ கூட்டியோ விடலாம். 20இல் சரியாகவும் 100இல் கொஞ்சம் பிழையாகவும் 200இல் அதைவிடப் பிழையாகவும் இருந்தால், அது ஒலியின் வேகத்தில் உள்ள பிழை. இந்த இரண்டு வகைப் பிழைக்கும் மருந்து வேறு வேறு. ஒரேயொரு இடத்தில் மட்டும் அளந்து பார்ப்பவருக்கு எது என்று ஒருநாளும் விளங்காது. நாலு இடம் அளப்பது அதற்காகத்தான்.

2 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள், அங்கே இந்தச் சென்சருக்குக் கண் தெரியாது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் முன்பின் ஆடுவதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த ஒலியலை ஒன்றின் நீளமே 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அரைச் சென்ரிமீற்றருக்குள் வந்தால் நான் திருப்திப்பட்டுவிடுவேன்.

நம் ஊர் வெயிலும் 58 என்ற எண்ணும்

இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும்: நேரத்தை 58 ஆல் வகுத்தால் சென்ரிமீற்றர். அந்த 58க்குள் ஒலியின் வேகம் செக்கனுக்கு 344.8 மீற்றர் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அது 22 பாகை வெப்பத்தில் ஒலி ஓடும் வேகம். குளிரூட்டி போட்ட அறையில் இருப்பவருக்கு அது பொருந்தும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நண்பகலில் 22 பாகையை எங்கே தேடுவது?

வேகத்துக்கான எளிய வாய்பாடு இது: 331.3 உடன், வெப்பநிலையை 0.606 ஆல் பெருக்கி வந்ததைக் கூட்டுங்கள். 30 பாகையில் 349.5 வரும். இந்த வெப்பத்தில் 2 மீற்றர் தூரத்தை 58 ஆல் வகுத்துப் பார்த்தால் 197.3 சென்ரிமீற்றர் என்று காட்டும். இரண்டே முக்கால் சென்ரிமீற்றர் காணாமல் போய்விட்டது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாளில் 35 பாகை என்றால் 352.5. கூரைமேல் வெயிலில் காயும் கறுப்புத் தாங்கிக்குள் இருக்கும் காற்று இதையும் தாண்டும். அது 45 பாகை என்று வைத்துக்கொண்டால் ஒலியின் வேகம் 358.6. அப்போது ஒரு மீற்றர் தூரம் 96 என்றுதான் வரும்.

4 சென்ரிமீற்றர் ஒரு பெரிய விடயமா? குறுக்களவு 1 மீற்றர் உள்ள உருளைத் தாங்கியில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் 7.85 லீற்றர் தண்ணீர் இருக்கும். 4 சென்ரிமீற்றர் என்றால் 30 லீற்றருக்கு மேல். காலையில் பார்த்தால் ஒரு கணக்கு, நண்பகலில் பார்த்தால் தண்ணீர் தானாகக் கூடியது போல இன்னொரு கணக்கு. குழாயைத் திறக்காமலே தாங்கி நிரம்புகிறது என்று ஒரு பிள்ளை ஆச்சரியப்பட்டு வந்து சொன்னாள். அவள் கொண்டுவந்த கொப்பியில் மணிக்கு மணி எழுதிய அளவுகள் இருந்தன. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறி, பின்னேரம் வெயில் தாழத் தாழத் தண்ணீரும் இறங்கியிருந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்த நாளிலிருந்து வெப்பநிலையைச் சேர்க்காத எந்தத் தாங்கி வேலையையும் நான் முடிந்த வேலையாக எடுப்பதில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சரில் நீர் புகாத உலோக உறை போட்டது கிடைக்கும். அதன் தகவல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று வேண்டும். உலோக முனையைத் தாங்கிக்குள், தண்ணீரில் படாமல், காற்றில் தொங்கவிடுங்கள். ஒலி ஓடுவது அந்தக் காற்றுக்குள்தான். நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பநிலையை வாசித்து வேகத்தைத் திருத்தினால் போதும். ஒவ்வொரு அளவுக்கும் வாசிக்கப் போனால் நேரம் வீணாகும், அந்தச் சென்சர் ஒரு வாசிப்புக்கு முக்கால் செக்கன் எடுக்கும்.

காற்றின் ஈரமும் வேகத்தைக் கூட்டும், ஆனால் மிகக் கொஞ்சம். அதை விட்டுவிடலாம்.

துள்ளும் எண்கள்

சுவர் முன்னால் ஒழுங்காக இருந்த சென்சர் வெளியே போனதும் துள்ளத் தொடங்கும். 84, 84, 85, 231, 84 என்று வரும். அந்த 231 எங்கிருந்தோ சுற்றி வந்த எதிரொலி. உடனே எல்லோரும் சராசரி எடுப்பார்கள். இந்த ஐந்தின் சராசரி 113.6. ஐந்து அளவுகளில் ஒன்றுகூட 113க்குக் கிட்ட இல்லை, ஒரு பொய் மற்ற நாலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சராசரிக்குப் பதிலாக இடையத்தை எடுங்கள். ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 84. கணித பாடத்தில் படித்த அதே இடையம்தான், இங்கே உண்மையான வேலைக்கு வருகிறது.

வடிகட்டுவதற்கு முன்னால் துள்ளலின் காரணத்தையும் தேடுங்கள். ஒலி பட்டுத் திரும்ப ஒரு தட்டையான, கடினமான பரப்பு வேண்டும். சாறன், திரைச்சீலை, பஞ்சு மெத்தை போன்றவை ஒலியை உறிஞ்சிவிடும். சரிவான பலகை ஒலியை வேறு பக்கம் தெறித்துவிடும், கண்ணாடியைச் சரித்துப் பிடித்தால் முகம் தெரியாதது போல. வயரும் ஒரு காரணமாகலாம். நீண்ட வயரில் 5 வோல்ட் தளர்ந்தால் எண்கள் ஆடும். சென்சரின் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கும். கொள்ளளவியின் கழித்தல் பக்கம் கிரவுண்டில் இருக்க வேண்டும்.

தண்ணீர் நல்ல பரப்பு. மட்டக்களப்பு வாவியில் நிலவு நாளில் மீன் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீருக்குள் இருக்கும் சத்தம் காற்றுக்குள் ஏறி வருவது மிகக் கடினம், துடுப்பு அதற்கு ஒரு வழி போட்டுக் கொடுக்கிறது. மேலிருந்து கீழே போகும் சத்தத்துக்கும் இதே கதைதான். காற்றில் போன கழியொலி தண்ணீருக்குள் இறங்காமல் ஏறக்குறைய முழுவதும் மேலே திரும்பிவிடும். நமக்கு அது நல்லது. தாங்கியின் அடியைப் பார்க்காமல் தண்ணீரின் முகத்தையே சென்சர் பார்க்கும். தோணியில் இருந்து வாவியின் ஆழம் அளக்கலாம் என்று இதே சென்சரை வாங்கியவர்களுக்கும் இதுதான் பதில்: முடியாது. ஆழம் அளக்கும் கருவிகள் தங்கள் வாயைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பேசுகின்றன.

தாங்கிக்குள் வைப்பது

எச்சி-எஸ்ஆர்04ஐ நேரே தாங்கிக்குள் வைக்க வேண்டாம். இரவில் மூடியின் உட்புறத்தில் நீர் துளித்துளியாகக் கோக்கும். குவளைகளின் வலைக்குள் ஒரு துளி புகுந்தால் அன்றோடு சரி. அதற்கென்று ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர் புகாத வகை இருக்கிறது. வாகனங்களின் பின்பக்கத்தில் இருக்கும் வட்டமான சென்சரைப் போன்ற ஒற்றைக் கண், நீண்ட வயர், தனியாக ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை. வயர் கொடுப்பதும் நிரலும் முன்னையதைப் போலத்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். ஒரே கண் வாயாகவும் காதாகவும் இருப்பதால், பேசி முடித்து அதிர்வு அடங்கும் வரை அதற்குக் கேட்காது. கிட்டத்தட்ட 25 சென்ரிமீற்றருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது.

தாங்கி நிரம்பும்போது தண்ணீர் மூடிக்கு ஒரு சாண் கிட்ட வந்துவிடும். மூடியிலேயே சென்சரைப் பொருத்தினால், மிக முக்கியமான நேரத்தில் அது குருடாகும். நான் செய்வது இது: கழுவிக் காயவைத்த பெரிய பெயின்ற் வாளி ஒன்றைத் தாங்கியின் வாய்மேல் கவிழ்த்து, வாளியின் அடியில் துளை போட்டு அதில் சென்சரை இறுக்குவேன். வாளியின் உயரம் அந்த 25 சென்ரிமீற்றரைத் தந்துவிடும். வாளிக்கும் தாங்கிக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சுற்றி நன்றாக அடைத்துவிடுங்கள். நுளம்பு உள்ளே புகுந்துவிட ஒரு விரல் இடைவெளியே போதும், டெங்குக் காலத்தில் திறந்த தாங்கி வைக்கக் கூடாது. மின்சுற்றுப் பலகையைத் தாங்கிக்கு வெளியே, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். ஈயம் வைத்த இடங்களில் மட்டும் கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு பூச்சுப் பூசி விடுங்கள், மலிவும் நல்லதுமான காப்பு அது. சென்சரின் முகத்தில் எதையும் பூசக் கூடாது.

சென்சர் பார்க்கும் வழியில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை அக்கா வீட்டில்தான் பழகினேன். எல்லாம் பூட்டி, சோதித்து, சந்தோசமாக வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அக்காவின் தொலைபேசி. "தம்பி, தலையில சவுக்காரத்தோட நிக்கன். தாங்கில சொட்டுத் தண்ணி இல்ல, உன்ட பெட்டி முக்கால்வாசி இருக்கெண்டு காட்டுதுகா." போய்ப் பார்த்தேன். எண் 38இல் நின்றது, தண்ணீர் ஊற்றியும் வடித்தும் பார்த்தாலும் 38. மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீர் வரும் குழாயின் 'போல் வால்வ்' (மிதவை வால்வ்) சென்சருக்குக் கீழே ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. நாடாவால் அளந்தேன், சரியாக 38. சென்சர் பொய் சொல்லவில்லை. முதலில் வருகிற எதிரொலியை அது எடுத்துக்கொள்ளும், முதலில் வந்தது வால்விலிருந்து.

ஒலி ஒரு நூல் போல நேரே போகாது, டோர்ச் வெளிச்சம் போல விரியும். எச்சி-எஸ்ஆர்04க்கு 15 பாகை விரிவு என்று சொல்வார்கள். அப்படியென்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 13 சென்ரிமீற்றர், இரண்டு மீற்றரில் 26 சென்ரிமீற்றர். நீர் புகாத வகை இன்னும் அகலமாக விரியும். அதனால் சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் ஏணிப்படியிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தண்ணீர் விழும் இடத்துக்கு மேலே வைக்க வேண்டாம், கலங்கும் பரப்பு ஒலியைச் சிதறடிக்கும். வளவுக் கிணற்றில் வைப்பவர்களும் நடுவில் ஒரு சட்டம் போட்டுத் தொங்கவிடுங்கள். கிணற்றில் வாளிக் கயிறும் மோட்டர்க் குழாயும்தான் எதிரிகள்.

பூட்டியதும் அப்பாவின் முறையில் ஒருக்கா தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தையும் பெட்டி காட்டும் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். தாங்கி நிரம்பியிருக்கும்போது, பாதியில், அடியில் என்று மூன்று தரம் செய்தால், வால்வ் போன்ற சங்கதி எதுவும் மறைந்திருக்காது.

லீற்றரும் மோட்டரும்

தூரத்தைத் தண்ணீராக மாற்றுவது சின்னக் கணக்கு. சென்சரிலிருந்து வெறும் தாங்கியின் அடிவரை உள்ள தூரத்தை ஒரு தரம் அளந்து எழுதிவையுங்கள். அதிலிருந்து இப்போதைய அளவைக் கழித்தால் தண்ணீரின் உயரம். உயரத்தை, முன்னே சொன்னது போல ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பதால் பெருக்குங்கள். உங்கள் தாங்கியின் குறுக்களவு வேறென்றால் அந்த எண்ணும் மாறும். ஆரையைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.1416 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுங்கள்.

மோட்டரைத் தானாகப் போட்டு நிறுத்த எல்லோருக்கும் ஆசை வரும். அந்த வேலையில் 230 வோல்ட் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீரும் இருக்கிறது. ரிலே என்பது போர்ட்டின் சொல் கேட்டு மோட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச், அதன் 5 வோல்ட் பக்கத்தை நீங்கள் செய்யுங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரிடம் விடுங்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொடங்கவே வேண்டாம். அதற்கு முன் ஒரு கிழமையாவது மோட்டருக்குப் பதிலாக ஒரு சின்ன எல்ஈடியை வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரிந்து அணைய வேண்டிய நேரத்தில் அணைகிறதா என்று குறித்து வையுங்கள்.

நிரலில் மூன்று நிபந்தனைகளைக் கட்டாயம் சேருங்கள். எதிரொலி தொடர்ந்து ஐந்து தரம் வராவிட்டால் மோட்டர் நிற்க வேண்டும், சிவப்பு எல்ஈடி எரிய வேண்டும். போடும் மட்டமும் நிறுத்தும் மட்டமும் வேறாக இருக்க வேண்டும்: கால்வாசிக்குக் கீழே இறங்கினால் போடு, முக்காலைத் தாண்டினால் நிறுத்து என்பது போல. இரண்டும் ஒன்றென்றால் ஒரு சின்ன அலைக்கே மோட்டர் விட்டு விட்டு இயங்கிப் பழுதாகும். மூன்றாவது, நேர எல்லை. உங்கள் தாங்கி நிரம்ப 20 நிமிடம் ஆகுமென்றால், சென்சர் என்ன சொன்னாலும் 25ஆம் நிமிடம் மோட்டர் நிற்க வேண்டும், பிறகு ஒருவர் வந்து பொத்தானை அமத்தும் வரை மறுபடி ஓடக் கூடாது. கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே ஓடும் நாளில் உங்கள் மோட்டரைக் காப்பாற்றப்போவது இந்தக் கடைசி நிபந்தனைதான்.